பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் போய்விட்டது: முதலில் எதைக் காப்பாற்றுவது, எதை வாங்குவது, எப்படி மாற்றுவது

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. அப்பாவிடம் இருப்பது லெனோவோ திங்க்பேட் டி430, 2012இல் வந்த மாடல், 2017இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உள்ளே 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஒரு வாரமாக மெதுவாகிக்கொண்டே வந்து, ஞாயிற்றுக்கிழமை ‘டக்... டக்...’ என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டது. இப்போது ஆன் செய்தால் சில சமயம் விண்டோஸ் பாதி வரை வருகிறது, சில சமயம் 2100 என்ற எண்ணோடு பிழைச் செய்தி வருகிறது. கடையில் “போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிடுங்க” என்கிறார்கள். உள்ளே குடும்பப் படங்களும், அப்பா வருடக்கணக்காகத் தட்டச்சு செய்து வைத்த ஊர்க் கோயில் குறிப்புகளும் இருக்கின்றன. நீங்களே டிஸ்க்கை மாற்றிவிட முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். டி430இல் டிஸ்க்கை மாற்றுவது பத்து நிமிட வேலை. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகூடச் செய்துவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால் இதைப் படித்து முடிக்கும் வரை அந்த லேப்டாப்பை ஆன் செய்யாதீர்கள். “இன்னொரு தடவை பார்ப்போமே” என்று கை துறுதுறுக்கும். பார்க்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், ஹார்டு டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது. லேப்டாப் டிஸ்க்குகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. தட்டின் மேல் படிப்பான் முனை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் இதைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். ‘டக் டக்’ என்ற சத்தம், முனை தான் தேடும் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஓரத்துக்குப் போய் வருவது. முனை கொஞ்சம் பழுதாகியிருந்தால், ஒவ்வொரு முறை ஓடும்போதும் அது தட்டைச் சுரண்டக்கூடும். சுரண்டிய இடத்தில் இருந்த படத்தை அதன் பிறகு யாராலும் மீட்க முடியாது.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. 2014இல் என் அக்காவின் லேப்டாப்பில் இதே சத்தம். ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து இரண்டு மணி வரை ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை விண்டோஸ் முழுசாகத் திறந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் படங்களை ஒரு பென் டிரைவில் போட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன்? டிஸ்க்கைச் ‘சரிசெய்ய’ விண்டோஸின் செக்டிஸ்க் நிரலை ஓட்டினேன். அது ஒவ்வொரு செக்டராக (டிஸ்க்கில் தகவல் இருக்கும் சிறு துண்டு) தட்டிப் பார்த்து, பழுதான டிஸ்க்கிலேயே மாற்றங்களை எழுத ஆரம்பித்தது. பாதியில் சத்தம் நின்றது. அதற்கப்புறம் அந்த டிஸ்க்கை எந்தக் கணினியும் கண்டுகொள்ளவில்லை. அக்கா மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில் இருந்தன. அக்கா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். கடைக்காரர் சொன்ன ‘போர்டு’ (லேப்டாப்பின் முதன்மைச் சுற்றுப்பலகை) சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். திங்க்பேடில் 2100 என்பது முதன்மை ஹார்டு டிஸ்க்கைக் கண்டறிய முடியவில்லை என்பதற்கான எண். அது டிஸ்க்கைத்தான் முதலில் கை காட்டுகிறது. மற்ற கம்பெனிகளிலும் இப்படி எண்கள் உண்டு. எச்பியில் 3எஃப்0, டெல்லின் சோதனையில் 2000-0142 என்று வந்தால் ஹார்டு டிஸ்க்கைப் பாருங்கள் என்று பொருள். எண் மட்டும் போதாது. டிஸ்க் செருகியிருக்கும் இணைப்பு தளர்ந்திருந்தாலும் இதே செய்திதான் வரும். ஆனால் உங்களுக்குச் சத்தமும் சேர்ந்து வருகிறது. இணைப்பு தளர்ந்தால் டிஸ்க் ‘டக் டக்’ என்று அடித்துக்கொள்வது அபூர்வம்.

போர்டு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, டிஸ்க்கை வெளியே எடுத்து வைத்துவிட்டு (எப்படி என்று பின்னால் சொல்கிறேன்), லினக்ஸ் மின்ட் என்ற, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் ஏற்றிய ஒரு பென் டிரைவை வைத்து லேப்டாப்பை எழுப்பிப் பார்ப்பது. ஆன் செய்ததும் எஃப்12 பொத்தானைத் தட்டினால் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று பட்டியல் வரும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் எதையும் நிறுவாமல் நினைவகத்திலிருந்தே ஓடும். அரை மணி நேரம் இணையம் பார்த்து, ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்கள். தடுமாறாமல் ஓடினால் போர்டுக்கும் ரேமுக்கும் பெரிய குறையில்லை என்று வைத்துக்கொள்ளலாம். டிஸ்க் செருகும் இணைப்பு மட்டும் பாக்கி. புது டிஸ்க்கைப் போட்டதும் அதுவும் தெரிந்துவிடும். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. பதினைந்து வருடப் பழசை நெருங்கும் லேப்டாப்பைத் திறந்து பார்ப்பதைவிடப் புதுசு விற்பது அவருக்கு லாபம், அவ்வளவுதான்.

இனி படங்களும் குறிப்புகளும். இங்கே ஒரு முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். உள்ளே இருப்பது போனால் போகட்டும் என்று விட முடியாதது என்றால், வேறு எங்குமே நகல் இல்லை என்றால், டிஸ்க் ஒவ்வொரு முறையும் சத்தம் போடுகிறது என்றால், வீட்டில் எதையும் முயலாமல் நேராகத் தகவல் மீட்பு நிறுவனத்துக்குக் கொண்டுபோங்கள். தூசியில்லாத அறையும், அதே மாடலின் உதிரி முனைகளும் வைத்திருப்பவர்களால் மட்டுமே பழுதான முனையை மாற்ற முடியும். செலவு பல ஆயிரங்களில் தொடங்கும், லேப்டாப்பின் விலையை எளிதாகத் தாண்டும். டிஸ்க்கைப் பார்த்த பிறகு தொகை சொல்பவரா, மீட்காவிட்டால் பணம் கேட்காதவரா என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள். தெருமுனைக் கடையில் மேஜை மேல் வைத்து மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்பவரிடம் மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். உள்ளே ஒரு தூசு விழுந்தால் போதும். டிஸ்க்கை ஃபிரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று யாராவது சொல்வார்கள். வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன் மேல் வியர்த்து நிற்கும். வேண்டாம்.

ஆனால் நீங்கள் “சில சமயம் விண்டோஸ் பாதி வரை வருகிறது” என்று சொல்வதால், முனைகள் முழுக்கப் போகவில்லை, பழுதான செக்டர்கள் பெருகியிருக்கின்றன என்றும் இருக்கலாம். இந்த நிலையில் வீட்டிலேயே முயலலாம் என்று முடிவெடுத்தால், முறை இதுதான்: கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடாமல், டிஸ்க்கையே முழுதாக ஒரு பிரதி எடுப்பது. அதற்கு ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் பென் டிரைவில் அது ஏற்கெனவே இருக்கும்.

டிடிரெஸ்க்யூவின் சாமர்த்தியம் அது வேலை செய்யும் வரிசையில் இருக்கிறது. சாதாரண நகல் எடுக்கும்போது ஒரு பழுதான இடம் வந்தால் கணினி அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், டிஸ்க்கும் அங்கேயே திரும்பத் திரும்ப முயன்று தேயும். டிடிரெஸ்க்யூ அப்படியில்லை. முரண்டு பிடிக்கும் இடத்தைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகும். நன்றாகப் படிக்கக் கிடைப்பதையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். அப்புறம்தான் விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வரும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனாலும், டிஸ்க் சூடாகிறது என்று நீங்களே நிறுத்தினாலும், அந்தக் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் கோப்பைக் கட்டளையில் குறிப்பிட மறந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். நிறையப் பேர் மறப்பது இதைத்தான்.

இதற்கு அப்பாவின் டி430ஐயே பயன்படுத்தலாம். போர்டைச் சோதிக்க வெளியே எடுத்த பழைய டிஸ்க்கை மறுபடி அதன் இடத்திலேயே செருகுங்கள். யூஎஸ்பி வழியாகப் படிப்பதைவிட, லேப்டாப்பின் உள்ளே டிஸ்க் செருகியிருக்கும் சாட்டா இணைப்பில் நேராகப் படிப்பது நோயாளி டிஸ்க்குக்கு நல்லது. மலிவான யூஎஸ்பி மாற்றிகள் பிழை வந்ததும் டிஸ்க்கையே கைவிட்டுவிடும். சிஸ்டம்ரெஸ்க்யூ பென் டிரைவில் லேப்டாப்பை எழுப்பி, 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை நீல நிற யூஎஸ்பி துளையில் செருகுங்கள். பிரதியை அந்த வெளி டிஸ்க்கில் ஒரே பெரிய கோப்பாக எழுதச் சொல்லலாம். 500 ஜிபி டிஸ்க்குக்கு 500 ஜிபி கோப்பு, அதனால் இடம் தாராளமாக வேண்டும்.

கட்டளையில் முதலில் வருவது மூலம், இரண்டாவது இலக்கு, மூன்றாவது வரைபடக் கோப்பு. முதல் இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டால் பழைய டிஸ்க்கின் மேலேயே எழுதப்படும் ஆபத்து உண்டு. கொள்ளளவையும் மாடல் பெயரையும் பார்த்து எது எது என்று உறுதிசெய்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வீட்டில் இன்னொருவரிடம் காட்டிவிட்டு என்டர் தட்டுங்கள். சிரிக்காதீர்கள், நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன். முதல் சுற்றில் பழுதான இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போகச் சொல்லும் தெரிவைக் கொடுங்கள். பெரும்பாலான தகவல் அந்தச் சுற்றிலேயே வந்துவிடும். பிறகு மீதிக்கு மூன்று முறை முயலச் சொல்லி இரண்டாவது சுற்று. இது மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஓடும். லேப்டாப்பின் அடியில் காற்றோட்டம் இருக்கட்டும். தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி ‘டக் டக்’ தொடர்ந்து கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அது உங்கள் வேலையில்லை, மீட்பு நிறுவனத்தின் வேலை.

பிரதி கையில் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பழைய டிஸ்க்கைக் கழற்றி, மேலே தேதி எழுதி, பத்திரப்படுத்துங்கள். இனி எல்லா ஆராய்ச்சியும் பிரதியின் மேல்தான். அதைப் படிக்க மட்டும் என்ற முறையில் திறந்து கோப்புகளை எடுக்கலாம். கோப்புறைகள் குழம்பிப்போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்ற இரண்டு இலவச நிரல்கள் இருக்கின்றன. போட்டோரெக் பெயர்களை எல்லாம் விட்டுவிட்டு, படம் படமாகத் தோண்டி எடுத்துக் கொடுக்கும். பத்தாயிரம் படம் பெயரில்லாமல் வந்து கொட்டும். அடுக்குவதற்குள் தலை சுற்றும். ஆனாலும் படம் இருக்குமே.

கோப்புகளை எடுக்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் என்ற மூன்றோடு நிறுத்திவிடாதீர்கள். நம்மவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது: எழுத்துரு. உங்கள் அப்பா கோயில் குறிப்புகளை எதில் தட்டச்சு செய்தார்? இன்று கணினியும் போனும் பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோடில் என்றால் பிரச்சினை இல்லை. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் செய்திருந்தால், புது விண்டோஸில் அந்தக் கோப்பைத் திறந்ததும் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த கந்தரகோலம்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அதனால் பழைய டிஸ்க்கின் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை முழுதாக நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சாவகாசமாக ஒரு மாற்றி நிரலை வைத்து எல்லாவற்றையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம். அடுத்த தடவை இந்தத் தலைவலி இருக்காது.

அடுத்தது, என்ன வாங்குவது. மறுபடி ஹார்டு டிஸ்க் வாங்காதீர்கள். சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டி வாங்குங்கள். “இவ்வளவு பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி எதற்கு, அதன் வேகத்தை இது தாங்குமா?” என்ற கேள்வி அடிக்கடி வரும். டி430இன் டிஸ்க் இடம் நொடிக்கு 6 கிகாபிட் வேக சாட்டா. அது எஸ்எஸ்டிக்கு முழுதாகப் போதும். இதைவிடப் பழைய, 3 கிகாபிட் அல்லது 1.5 கிகாபிட் சாட்டா உள்ள லேப்டாப்பில் போட்டாலும் வித்தியாசம் உடனே தெரியும். காரணம், லேப்டாப் மெதுவாக இருப்பது ஒரு பெரிய கோப்பை இழுப்பதால் இல்லை. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிக்கிறது. ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொன்றுக்கும் முனை நகர வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும். நொடிக்கு நூறு தடவை அப்படிப் போய் வந்தாலே பெரிது. எஸ்எஸ்டியில் நகர எதுவும் இல்லை, நொடிக்குப் பல ஆயிரம் முடியும். சாட்டா வேகம் பாதியானாலும் இந்த லாபம் குறைவதில்லை.

வாங்கும்போது கேட்க வேண்டிய சொல்: 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. கடையில் நீளமாக, பல்குத்தும் குச்சிப் பெட்டி போல இருக்கும் எம்.2 எஸ்எஸ்டியை எடுத்து நீட்டுவார்கள், விலையும் ஒன்றுதான் என்பார்கள். அது டி430இல் பொருந்தாது. இன்னும் பழைய, 2005 வாக்கிலான லேப்டாப் என்றால் அதில் சாட்டாவே இல்லாமல், 44 ஊசி கொண்ட ஐடிஇ இணைப்பு இருக்கலாம். பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். தட்டையான இரண்டு நாக்குகள் இருந்தால் சாட்டா, வரிசையாக ஊசிகள் இருந்தால் ஐடிஇ. ஐடிஇ என்றால் நான் செலவு செய்ய மாட்டேன்.

கொள்ளளவு எவ்வளவு? படங்களை வெளி டிஸ்க்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால் 240 அல்லது 250 ஜிபி போதும். எல்லாம் உள்ளேயே இருக்க வேண்டும் என்றால் 480 அல்லது 500. 500 ஜிபி போட்டதும் 465 ஜிபிதான் காட்டுகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுகிறது. இரண்டும் ஒரே அளவுதான். கிங்ஸ்டன், டபிள்யூடி, சாம்சங் என்று தெரிந்த பெயரில், மூன்று வருட உத்தரவாதத்தோடு வாங்குங்கள். இந்த லேப்டாப்புக்கு அவற்றில் மலிவானதே போதும். பெயர் தெரியாத கம்பெனியின் 2 டிபி எஸ்எஸ்டி பாதி விலையில் கிடைத்தால் அது 2 டிபி இல்லை. உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, பெரிய அளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு அது. நிரம்பிய பிறகு பழைய கோப்பின் மேலேயே புதுசை எழுதும். சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கலாம், ஆனால் உறை பிரிக்காததை, ஜிஎஸ்டி பில்லோடு. வந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலில் ‘ஓடிய மணி நேரம்’ எவ்வளவு என்று பாருங்கள். புதுசு என்றால் பூஜ்யமோ ஒன்றிரண்டோ இருக்க வேண்டும்.

மாற்றும் வேலை. சார்ஜரைப் பிடுங்குங்கள், லேப்டாப்பைத் திருப்பி பேட்டரியைக் கழற்றுங்கள். டி430இல் இரண்டு கொக்கிகளை நகர்த்தினால் வந்துவிடும். பிறகு ஆன் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடியும். டிஸ்க் இருக்கும் இடத்தை ஒரே ஒரு ஸ்க்ரூ பிடித்திருக்கும் சின்ன மூடி மறைத்திருக்கும். ஸ்க்ரூவைத் தளர்த்தி மூடியை நகர்த்தி எடுங்கள். உள்ளே டிஸ்க்கில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு தெரியும். அதைப் பிடித்து நேராக இழுத்தால் டிஸ்க் கையோடு வரும். அவ்வளவுதான். இந்த வசதிக்காகவே நான் பழைய திங்க்பேடுகளை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறேன்.

பழைய டிஸ்க்கோடு ஒரு சட்டமும் இரண்டு பக்கமும் ரப்பர் பட்டைகளும் வரும். அவற்றைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டராக இருந்தால் புதுசு உள்ளே கொஞ்சம் ஆடும். சில எஸ்எஸ்டி பெட்டிகளில் அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும், ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கெட்டி அட்டையை அளவாக வெட்டி வைத்தாலும் போதும். தலைகீழான நிலைமையும் உண்டு: எக்ஸ்220 போன்ற சின்ன திங்க்பேடில் 7 மில்லிமீட்டர்தான் நுழையும், 9.5 நுழையாது. செருகும்போது தள்ளாட்டம் இல்லாமல் மெதுவாக, கடைசியில் ஒரு சின்ன அழுத்தம். இறுக்கமாக இருந்தால் தள்ளாதீர்கள், வெளியே எடுத்துத் திசையைப் பாருங்கள்.

டி430 இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சில எச்பி, டெல் மாடல்களில் பழைய டிஸ்க்கின் முனையில் விரல் நகம் அளவில் ஒரு மாற்றித் துண்டு செருகியிருக்கும். பார்த்தால் டிஸ்க்கின் பாகம் போலவே இருக்கும். அதைக் கழற்றிப் புதுசில் போடாமல், பழைய டிஸ்க்கைக் குப்பையில் போட்டுவிட்டு, ‘புது எஸ்எஸ்டி பொருந்தவில்லை’ என்று வருவார்கள். இன்னொன்று, 2012 நடுப்பகுதியில் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோ. அதில் டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் மெல்லிய கேபிள் கெட்டுப்போவது சகஜம். டிஸ்க்கை மாற்றியும் அதே பிழை வந்தால் அங்கே குற்றவாளி கேபிள். கீழ் மூடி முழுவதையும் கழற்ற வேண்டிய மாடல்களில், எடுக்கும் ஸ்க்ரூக்களை ஒரு தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் செல்லோடேப்பால் ஒட்டி வையுங்கள். நீளமான ஸ்க்ரூ குட்டையான இடத்தில் போனால் விசைப்பலகைப் பக்கம் முட்டிக்கொண்டு வரும்.

புது டிஸ்க் உள்ளே போனதும், ஆன் செய்தவுடன் எஃப்1 தட்டி பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய், 500 ஜிபியோ 240 ஜிபியோ காட்டுகிறதா என்று பாருங்கள். சாட்டா முறை ஏஎச்சிஐ என்று இருக்க வேண்டும். இருந்தால் மேலே போகலாம்.

எந்த இயங்குதளம்? பழைய டிஸ்க்கோடு, லெனோவோ கொடுத்த மீட்புப் பகுதியும் போய்விட்டது. அடியில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் இருக்கலாம், ஆனால் விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியே முடிந்தது. விண்டோஸ் 10 ஏற்கெனவே இதில் செயல்படுத்தப்பட்டிருந்தால், உரிமம் போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாறினாலும் நிறுவும்போது ‘என்னிடம் சாவி இல்லை’ என்று தாண்டிப் போனால் இணையத்தில் சேர்ந்ததும் தானே செயல்படும். ஆனால் அதற்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த லேப்டாப்பை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, மூன்றாம் தலைமுறை இன்டெல் சிப் அதன் பட்டியலில் இல்லை. குறுக்கு வழிகள் இருக்கின்றன, ஆனால் வயதானவர் தனியாகப் பயன்படுத்தும் லேப்டாப்பில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

அப்பா செய்வது தட்டச்சும் யூடியூபும் பேங்க் வேலையும் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுவிடுங்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. தட்டச்சு செய்ய லிப்ரே ஆபிஸ் கூடவே வரும். தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய எழுத்துருக்களையும் அதிலேயே நிறுவலாம், அந்த வானவில் கோப்புகள் அங்கேயும் திறக்கும். ரேம் 4 ஜிபிதான் என்றால், இதே சாக்கில் 8 ஆக்கிவிடுங்கள். டிடிஆர்3 லேப்டாப் ரேம், பழசாகவே மலிவாகக் கிடைக்கும். 16 ஜிபி வரை இந்த மாடல் ஏற்கும்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாம்: எடுத்த முழுப் பிரதியை அப்படியே எஸ்எஸ்டியில் ஏற்றிவிட்டால் எல்லாம் பழையபடி வந்துவிடுமே? வரும், ஆனால் பழுதான செக்டர்களால் உடைந்த விண்டோஸ் கோப்புகளும் சேர்ந்து வரும். இன்று திறக்கும், நாளைக்கு நீலத்திரை காட்டும். புதிதாக நிறுவிவிட்டு, பிரதியிலிருந்து அப்பாவின் கோப்புகளை மட்டும் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, இந்த டிஸ்க் ஏன் போனது என்றும் கேட்டிருந்தீர்கள். வயதுதான் முதல் காரணம். ஓடும்போது தூக்கிக்கொண்டு நடப்பது அடுத்தது. அதற்காகத்தான், அப்போது திங்க்பேடைத் தயாரித்த ஐபிஎம் 2003இலேயே திங்க்பேடில் அசைவை உணர்ந்து முனையை ஓரங்கட்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. டி430இலும் அது உண்டு, ஆனால் எல்லா அடியையும் அது தடுக்காது. நம் ஊருக்கே உரிய காரணம் இன்னொன்று: செத்த பேட்டரி. பேட்டரி போன லேப்டாப்பை நேராக ப்ளக்கில் போட்டு ஓட்டுகிறோம். கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் டிஸ்க், ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் பறிபோய், மிச்ச வேகத்தில் முனையை அவசரமாக ஒதுக்குகிறது. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டுக்கு எத்தனை டிஸ்க்குகள் போயிருக்கும்! எஸ்எஸ்டியில் முனை இல்லை, ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு கெடுவது அதிலும் உண்டு. அப்பாவின் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை என்றால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

சிஸ்டம்ரெஸ்க்யூ பென் டிரைவைத் தயார் செய்துகொண்டு, முதல் சுற்று முடிந்ததும் எத்தனை சதவீதம் மீண்டது, எத்தனை இடத்தில் பிழை என்று திரையில் வருவதை அப்படியே எழுதுங்கள். இரண்டாவது சுற்று ஓட்டலாமா, அத்தோடு நிறுத்திக்கொள்வதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.